இது எந்தக் கடைக்கு?

கடல் தாண்டிப் போகிறவர்கள் அங்கிருந்து எதையாவது வாங்கி வருவார்கள். நான் சென்னையிலிருந்து மூன்று புட்டி பதநீரைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் போனேன். அதுவும், ஆளைவிடப் பனை அதிகமாக நிற்கிற தீவுகளுக்கு! கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனை இனி நான் கேலி செய்யமாட்டேன்.

நான் ஒரு மிட்டாய்க் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் தலைமை ரசாயனக்காரன். ஆராய்ச்சிப் பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தொழிற்சாலையின் பின்புறத்தில் இரண்டு அறை, அதிலொன்று குளிர் அறை. என்னையும் சேர்த்து நாலு பேர். இரண்டு வருஷமாக நாங்கள் ஒரே காரியத்தில் இருந்தோம்: பதநீர் புளிக்காமல் புட்டியில் நிற்க வேண்டும். நின்றது. தொண்ணூறு நாள் நின்றது. முதலாளி குடித்துப் பார்த்தார், அவர் சம்சாரம் குடித்தார், மருமகள் குடித்தாள். எல்லாரும் "பிரமாதம்" என்றார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

மறுவாரம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "நல்லாத்தான் இருக்கு. இதை வச்சுகிட்டு நான் என்ன பண்றது?" என்று கேட்டார். ரசாயனம் தெரியாதவர் கேட்கிற கேள்வி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கம்பெனி ஒரு பக்கம் போகுது, உங்க பிரிவு இன்னொரு பக்கம் போகுது. யாழ்ப்பாணத் தீவுல ஒரு சங்கம் இருக்காம். அவங்க பனைவெல்லம் மழைக்காலத்துலகூட இளகாம நாட்டோட மறுகோடி வரை போகுதாம். போய்ப் பாத்துட்டு வாங்க. வந்ததும் திங்கக்கிழமை மீட்டிங்ல, இந்தக் கம்பெனிக்கு உங்க பிரிவு எதுக்குன்னு ஒரே பக்கத்துல சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா ரூமை குடோன் ஆக்கிடலாம், நாலு பேரும் பேக்கிங்குக்குப் போயிடுங்க."

எனக்குப் பேக்கிங் ஒன்றும் கேவலமில்லை, ஐம்பது வயதில் எங்கே உட்கார்ந்தால் என்ன. ஆனால் என்னிடம் வேலை பார்க்கும் கோமதி, ரசாயனத்தில் தங்கப்பதக்கம் வாங்கிய பெண். அவளை அட்டைப்பெட்டி ஒட்ட உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. பிரிவில் இன்னொருவனான பத்மநாபனோ, "சார், போறப்ப நம்ம பதநீரையும் எடுத்துட்டுப் போங்க. அவங்க பாத்து அசந்து ஒரு கடுதாசி குடுத்தா முதலாளி வாயடைச்சுப் போவார்" என்றான். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வழியெல்லாம் ஐஸ் வாங்கி, மரத்தூளில் புதைத்து, கைக்குழந்தையைப் போலப் புட்டிகளைக் காப்பாற்றினேன். யாழ்ப்பாணப் பட்டணத்தில் கடைசி ஐஸ் கிடைத்தது. அங்கிருந்து புங்குடுதீவுக்கு பஸ். இரண்டு பக்கமும் கடல், நடுவே ஒற்றைத் தெரு. பாதித் தெருவில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் பஸ் நின்றால் முதலில் டிரைவரைத் திட்டுவோம், பிறகு அரசாங்கத்தைத் திட்டுவோம். இங்கே எல்லாரும் இறங்கி, கடல் காற்றில் நின்றபடி ஒருவரை ஒருவர் சுகம் விசாரித்தார்கள். "நீங்கள் ஆற்றை வீட்டுக்கு?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார், யார் வீட்டுக்கு என்று அர்த்தம். மடத்துவெளியில் சங்கத் தலைவர் செல்லத்துரை வீட்டுக்கு என்றேன். அவ்வளவுதான், மூன்று பேர் அவருக்குத் தாங்கள் என்ன முறை என்று வரிசையாகச் சொன்னார்கள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து பஸ்ஸைத் தள்ளினோம். நானும் தள்ளினேன், ஒரு கையால்தான், மறு கையில் புட்டிப் பை இருந்ததே.

செல்லத்துரை அறுபதை நெருங்கிய, தடித்த, சிரித்த முகக்காரர். தெற்கே மாத்தறையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். இந்தத் தீவுக்காரர்களில் பாதிப்பேர் அப்படித்தான். கடை தெற்கில், வீடு இங்கே. பங்குனி மாதத்துக்கு ஊருக்கு வந்திருந்தார். "வாங்கோ ஐயா, இருங்கோ. சைவமோ, மச்சமோ?" என்பது அவருடைய முதல் கேள்வி. மச்சம் என்றால் மீன், இறைச்சி எல்லாம் அடக்கம் என்று தெரிந்துகொண்டேன். மச்சம் என்றேன். புட்டும், நண்டுக் குழம்பும், முருங்கையிலைச் சொதியும் வந்தன. நண்டு விஷயத்தில் சென்னை தலை குனிய வேண்டும்.

சாப்பிட்ட பின் தேநீர் வந்தது. சீனி ரேஷன் கூப்பனில்தான் கிடைக்கிறதாம், அதனால் கூடவே ஒரு பனங்கட்டித் துண்டு, நம் பனைவெல்லம்தான். நான் துண்டைத் தேநீரில் போட்டுக் கலக்கினேன். சமையலறை வாசலில் நின்ற செல்லத்துரையின் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். "கடிச்சுக் கடிச்சுக் குடிக்கவேணும் ஐயா. கலக்கினா ஒரு கோப்பைக்கு ஒரு கட்டி போயிடும்" என்றார் செல்லத்துரை. கடித்துக் குடித்தேன். அது வேறு ருசி.

அந்தப் பனங்கட்டி வந்த பாத்திரம்தான் நான் பார்க்க வந்த பொருள். பனையோலையில் பின்னிய, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கூடை. குட்டான் என்கிறார்கள். கொதிக்கிற பாகை அதிலேயே ஊற்றி, இறுகியதும் வாயை மூடித் தைத்துவிடுகிறார்கள். காகிதமும் இல்லை, தகரமும் இல்லை. நான் இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

மறுநாள் காலை விஞ்ஞானம் சைக்கிளில் வந்தது. பெயர் மங்களேஸ்வரி, எல்லாருக்கும் மங்களா, வயது முப்பத்திரண்டு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்தவர். சங்கத்தின் ஆராய்ச்சிப் பிரிவு என்பது அவரும், ஒரு கொட்டிலும், இரண்டு அடுப்பும், ஒரு தராசும்தான். என் குளிர் அறையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன். மரியாதையாகக் கேட்டார். புட்டி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதநீரை அங்கே கருப்பநீர் என்கிறார்கள்.

"நல்ல தெளிவு. கருப்பநீரை இவ்வளவு தெளிவா நான் கண்டதில்லை. எத்தினை நாள் நிக்கும்?"

"தொண்ணூறு நாள்!"

"எங்கை வைச்சு?"

"குளிர் அறையில்."

"ஓ..." என்றார். பிறகு புட்டியைப் பத்திரமாக வைத்துவிட்டு, "இது எந்தக் கடைக்கு?" என்று கேட்டார்.

"கடைக்குத்தான்" என்றேன்.

"ஓம், எந்தக் கடைக்கு?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. கடைகளைப் பற்றிக் கவலைப்படுவது விற்பனைப் பிரிவு. அதற்கு மாடியில் தனி அறை, தனி மின்விசிறி உண்டு. அதை அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "இண்டைக்கு ஒரு பொதி திரும்பி வருது, பாருங்கோ" என்றார்.

பத்து மணி பஸ்ஸில் தெற்கிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். பெட்டியோடு சாக்கில் கட்டிய ஒரு பொதியையும் கொண்டுவந்து கொடுத்தார். சங்கத்தில் எதைப் புதிதாகச் செய்தாலும் இரண்டு பொதி கட்டுவார்களாம். ஒன்று கொட்டிலின் கூரைக் கட்டையில் தொங்கும். மற்றது தெற்கே போகிற யாராவது கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் போய், அங்கே ஒரு கடைத் தட்டில் ஒரு மாதம் இருந்து, பிரிக்காமல் திரும்பி வரவேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்ப்பார்கள். போய்வந்த பொதி தேறினால்தான் சரக்கு தேறியது.

"அங்கேயே பிரித்து, எப்படி இருக்கிறதென்று கடிதம் எழுதச் சொன்னால் போதாதா?" என்றேன்.

மங்களா சிரித்தார். "முதல் அப்பிடித்தான் செய்தனாங்கள். பனம்பழத்திலை ஜாம் போட்டு எங்கட ஆக்கள்ரை கடையளுக்கு ருசி பாக்க அனுப்பினனான். எல்லாரும் 'அருமை, அருமை' எண்டு எழுதிப்போட்டினம். அந்தக் கடுதாசியளை நம்பி ஐம்பது போத்தில் போட்டம். ஐம்பதும் பூஞ்சணம் பிடிச்சுத் திரும்பி வந்தது. பிறகு விசாரிச்சா, ருசி பாக்க அனுப்பினதும் பூஞ்சணம் பிடிச்சுத்தான் போய்ச் சேர்ந்ததாம். வழிச்சு எறிஞ்சுபோட்டு, அருமை எண்டு எழுதியிருக்கினம்!"

"ஏன்?"

"ஊரிலையிருந்து வந்த சாமானை எங்கட ஆக்கள் குறை சொல்லுவினமோ? மனம் ஏவாது. அதுக்குப் பிறகு சொந்தக்காரருக்கு ருசி பாக்கிற உரிமை இல்லை. பொதி வாய் திறக்காமல் வரவேணும்."

எனக்கு முதலாளியின் சம்சாரமும் மருமகளும் நினைவுக்கு வந்தார்கள். உடனே வேறு எதையாவது நினைக்க முயன்றேன்.

அடுத்த நாள் நெடுந்தீவில் சங்கக் கிளையின் கூட்டம். "உங்கட போத்திலை அங்கை எல்லாருக்கும் காட்டுங்கோ, ரெண்டு வார்த்தை கதையுங்கோ" என்று செல்லத்துரை சொல்லியிருந்தார். வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாகக் கிளம்பினேன். குறிகட்டுவானில் மோட்டார் வள்ளம் தயாராக இருந்தது. அதில் செல்லத்துரை, மங்களா, நான், ஒரு சைக்கிள், இரண்டு டின் மண்ணெண்ணெய், கால் கட்டிய கோழிகள், இன்னும் இருபது முப்பது சனம். கீழே காலடியில் மிதிபடுமே என்று புட்டிப் பையை மேல்தட்டில் வைக்கச் சொன்னேன். பங்குனி வெயில் அதன்மேல் நேராக இறங்கியது. ஐஸ் தீர்ந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

கரை மறைந்த சற்று நேரத்தில் தலைக்கு மேலே 'டமார்' என்றது. இயந்திரம்தான் வெடித்தது என்று நினைத்து நான் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்தது இன்னொரு 'டமார்'. மேல்தட்டின் இடுக்கு வழியே நுரை நுரையாக ஒழுகி, ஒரு கோழியின் முதுகிலும் என் இஸ்திரிச் சட்டையிலும் விழுந்தது. வள்ளம் முழுக்க ஒரு வாசனை. யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மெட்ராஸ் ஐயா நல்ல சாமான்தான் கொண்டுவந்திருக்கிறார்" என்றது ஒரு குரல். வள்ளமே குலுங்கிச் சிரித்தது.

எங்கள் ஊரில் மதுவிலக்கு. என் அப்பா கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்து அடி வாங்கியவர். அவருடைய மகன் கள்ளில் நனைந்து கடல் நடுவே உட்கார்ந்திருந்தேன். மங்களா மட்டும் சிரிக்காமல் மேலே ஏறி மூன்றாவது புட்டியை எடுத்தார். அதை ஈரச்சாக்கில் சுற்றி, கடல்நீர் வாளியில் இறக்கினார். "ஒண்டு மிஞ்சியிருக்கு ஐயா" என்றார். மிஞ்சியிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

நெடுந்தீவில் மதில்களெல்லாம் கோறை என்கிற பவளப்பாறைக் கற்களை அடுக்கிக் கட்டியவை, சாந்து கிடையாது. தூரத்தில் கட்டைக் குதிரைகள் மேய்ந்தன. வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நான் எழுந்து நிற்பதற்கு முன்பே வள்ளத்துக் கதை அங்கே வந்து சேர்ந்துவிட்டது. மிஞ்சிய புட்டியைக் கையை நீட்டிப் பிடித்துத் திறந்தேன். பாதி நுரையாகப் போயிற்று. மீதியை முன்வரிசையில் இருந்த ஒரு மரமேறி வாங்கி, வாயைக் கொப்பளித்து விழுங்கி, யோசித்தார்.

"கள்ளாப் பாத்தா பிழையில்லை" என்றார்.

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நான் அங்கேயே நின்றேன். நிற்கும்போதுதான் அந்தக் காகிதம் நினைவுக்கு வந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன் முதலாளி எல்லாப் பிரிவுக்கும் அனுப்பிய சுற்றறிக்கை. இனி நம் சரக்கு பட்டணத்துப் பெரிய கடைகளுக்கு அல்ல, கிராமத்துப் பெட்டிக்கடைக்கும் டீக்கடைக்கும்தான் போகப்போகிறது என்று அதில் இருந்தது. குளிர்பெட்டி என்ற ஒன்றையே பார்த்திராத கடைகள். நான் முதல் வரியைப் படித்துவிட்டு, "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பிறகு இன்னும் ஒன்றரை வருஷம், குளிர்பெட்டியில் மட்டுமே உயிர்வாழும் ஒரு பானத்துக்காக நாலு பேரை இரவும் பகலும் உழைக்க வைத்தேன். முதலாளி கேட்டதும் மங்களா கேட்டதும் ஒரே கேள்விதான். இரண்டு பேரிடமும் நான் கோபித்துக்கொண்டிருந்தேன்.

இதை அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, கள் வாசனை காரணமாக இருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. அந்த மரமேறியே, "அதுக்கென்ன ஐயா, மரம் மாறி ஏறிட்டீங்கள். இறங்கி மற்ற மரத்திலை ஏறுறதுதானே" என்றார். பிறகு ஒடியற் கூழ் வந்தது, ஒடியல் என்றால் காயவைத்த பனங்கிழங்கு. மீனும் நண்டும் இறாலும் பயிற்றங்காயும் போட்டுக் காய்ச்சியதை, மடித்த ஓலையில் ஊற்றிச் சுடச்சுடக் கொடுத்தார்கள். மூன்று ஓலை குடித்தேன். வாழ்க்கை அவ்வளவு மோசமில்லை என்று பட்டது.

கடைசி நாள் செல்லத்துரை என்னை நயினாதீவு அம்மனிடம் கூட்டிப்போனார். வள்ளத்தில் தெற்கிலிருந்து அங்குள்ள புத்த விகாரைக்கு வந்த சிங்கள யாத்திரிகர்களும் இருந்தார்கள். வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் கையில் பனங்கட்டிக் குட்டான் ஒன்று இருந்தது. செல்லத்துரை அவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அம்மாள் கையை ஆட்டி ஆட்டி நீளமாகப் பதில் சொன்னார். செல்லத்துரை சட்டைப்பையிலிருந்து துண்டுக் காகிதம் எடுத்து எழுதிக்கொண்டார்.

"என்ன சொல்கிறார்?"

"'இனிப்பு நல்லது, ஆனா குட்டான் பெரிசு. பிரிச்சா ஒரு நாளிலை முடியாது, எறும்பு வந்திடுது. பாதி அளவிலை செய்தா என்ன?' எண்டு கேக்கிறா. இது மங்களாவுக்கு அடுத்த வேலை."

"அவர் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்வீர்களா?"

"நானோ! நான் சொன்னா அவள் கேக்கமாட்டாள். எங்களுக்குள்ளை ஒரு ஒப்பந்தம். வருசத்திலை ரெண்டு தரம் அவள் என்ரை கடைக்கு வந்து ஒரு கிழமை நிண்டு சாமான் விக்கவேணும். பனங்கட்டிக் காலத்திலை நான் ரெண்டு நாள் அவளின்ரை அடுப்படியிலை இருந்து பாகு காய்ச்சவேணும். புகை கண்ணிலை பட்டால் நான் ஏலாததைக் கேக்கமாட்டன். சனத்தின்ரை வாய் காதிலை பட்டால் அவளும் விக்காததைச் செய்யமாட்டாள். அதுக்குப் பிறகும் சண்டைதான். ஆனா ஒரே விசயத்தைப் பற்றிச் சண்டை."

கோவிலில் கும்பிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டோம். பூசணிக்காய்க் கறி இன்னும் நாக்கில் நிற்கிறது. அம்மனிடம் கோமதிக்காக வேண்டிக்கொண்டேன். விடைபெறும்போது மங்களா பத்துக் குட்டான் கட்டிக் கொடுத்தார். "புதுசா ஏதும் செய்தா எனக்கும் அனுப்புங்கோ" என்றார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் என் ஒரு பக்கத்தில் மூன்றே வரிகள் இருந்தன. எங்கள் பதநீர் கம்பெனி போகிற கடைகளுக்கு ஆகாது. தவறு என்னுடையது, சுற்றறிக்கையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பனைவெல்லத்தில், குளிர்பெட்டி இல்லாத கடையில் மழையிலும் இளகாத ஒரு மிட்டாய் செய்ய அடுத்த மழைக்காலம் வரை அவகாசம் வேண்டும்.

முதலாளி மூன்று வரியையும் இரண்டு தடவை படித்தார். பிறகு மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். எங்கள் பிரிவு மாதாமாதம் அனுப்பிய அறிக்கைகள் அடுக்கி வைத்தபடி இருந்தன. ஒன்றின் உறைகூடக் கிழிக்கப்படவில்லை. "நான் மட்டும் யோக்கியமா?" என்றார். அவகாசம் கிடைத்தது. செல்லத்துரையின் ஒப்பந்தத்தையும் சொன்னேன். மாதம் ஒருமுறை எங்களில் ஒருவர் சரக்கு லாரியில் போகிறோம். முதலாளி இரண்டு நாள் எங்கள் அடுப்படியில் நின்றார், பாகு தெறித்துக் கையைச் சுட்டுக்கொண்டார். அதன் பிறகு எங்கள் அறிக்கைகளை அவரே பிரிக்கிறார்.

கோமதிதான் அந்த மிட்டாயைச் செய்தாள்: பனைவெல்லம், இஞ்சி, மேலே மெல்லிய அரிசிமாவுப் பூச்சு. ஒரு பொட்டலத்தை ஆவலோடு மங்களாவுக்குத் தபாலில் அனுப்பினேன். நாள்கணக்காகப் பதில் இல்லை. ஐப்பசி போய், கார்த்திகையும் பாதி போயிற்று. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் பொட்டலமே திரும்பி வந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "பொதி மாத்தறைக்குப் போய், கடைத் தட்டில் ஒரு மாதம் இருந்து வந்தது. பிரிக்கவில்லை. ஆசையாகத்தான் இருந்தது. இது எந்தக் கடைக்கு?"

நாலு பேரும் சுற்றி நின்றோம். முடிச்சை நானே அவிழ்த்தேன். உள்ளே மிட்டாய்கள் உதிரி உதிரியாக, அனுப்பிய அன்று இருந்த மாதிரியே இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கோமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பத்மநாபன் ஒன்றை எடுத்து வாயில் போடப் போனான், அவன் கையைத் தட்டிவிட்டேன். "நாம சொந்தக்காரங்கப்பா. நமக்கு ருசி பாக்கிற உரிமை கிடையாது."

தெருமுனையில் ஓலைக் கூரை போட்ட ஒரு டீக்கடை உண்டு. கடைக்கார அம்மாவுக்கு எங்களைப் பிடிக்காது, லாரிகள் அவர் வாசலில் சேறு அடிக்கின்றன என்று. நனைந்துகொண்டே போய் ஒன்றை நீட்டினேன். அவர் சந்தேகத்தோடு வாங்கி, வாயில் ஒதுக்கி, கண்ணைச் சுருக்கினார்.

"இஞ்சி தூக்கல்" என்றார். இன்னும் கொஞ்சம் சப்பினார். "பிசுபிசுன்னு இல்ல. நாளைக்கு ஒரு பொட்டலம் குடுத்துட்டுப் போ, விக்குதான்னு பாக்கலாம்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கினேன். சட்டைப்பையில் இருந்த தபால் கார்டை எடுத்து மங்களாவின் விலாசத்தை எழுதினேன். கீழே ஒரே வரி: "எங்கள் தெருமுனை டீக்கடைக்கு."